பானெட்டின் வலது பக்கம்

ஜூன் 4

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, வண்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் என்னால் பேச முடியாது, பாதியில் வைத்துவிடுவேன். காகிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

உன் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முட்டை வியாபாரத்தை நான் விடவில்லை. வாடகை ஆட்டோவில் ஏற்றிக் கடை கடையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்டோக்காரருக்கு முட்டையும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான். பாதி நாள் உடைந்த முட்டையைக் கழுவிக்கொண்டு நிற்கிறேன். அதனால் உன் அண்ணனின் பிக்கப் வண்டியை நானே ஓட்டுவது என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவரிடம் கற்றுக்கொண்டேன். லைசென்ஸும் வாங்கிவிட்டேன். சிரிக்காதே.

ஆனால் பானெட் சரியில்லை. விபத்துக்கு அப்புறம் ஒரு கடையில் விட்டதில், புதுக் கண்ணாடி போட்டு, பானெட்டைத் தட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். கீல்களைத் தொடவே இல்லை. வலது பக்க இடைவெளியில் என் கட்டைவிரல் நுழைகிறது. இடது பக்கம் நகம்கூட நுழையவில்லை, மட்கார்டில் உரசிப் பெயிண்ட் போகிறது. கண்ணாடிக்குப் பக்கத்துப் பின் மூலைகள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. முன்னால் லாக் ஒரு நாள் விழுகிறது, ஒரு நாள் விழுவதில்லை. கொஞ்சம் வேகம் எடுத்தால் பானெட் என் கண்ணெதிரே நடுங்குகிறது, உடனே கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது. "என்னம்மா, கல்யாண ஊர்வலமா போறோம்?" என்று பஸ் டிரைவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

இங்கே கடைக்காரர் யாரையும் தொட விட எனக்கு மனசில்லை. பஸ்ஸுக்கே தகடு அடிக்கிறவள் நீ, இது உனக்கு ஒரு பொருட்டா? என்ன செய்ய வேண்டும் என்று எழுது, செய்கிறேன்.

அன்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. அதற்காகவும் எழுதவில்லை.

அண்ணி


ஜூன் 21

கடிதம் வந்தது. தொழில் விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

பின் மூலை தூக்கி நின்றால் கோளாறு பானெட்டில் இல்லை, கீலில். பானெட்டைத் திறந்து, கண்ணாடிக்குப் பக்கத்து மூலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீல் லொடலொடவென்று ஆடினால் உள்ளே இருக்கிற இரும்புப் பின் தேய்ந்து, ஓட்டை பெரிதாகிவிட்டது. லாக்கை மட்டும் யாரும் தொடக்கூடாது. பானெட் கோணலாக இருக்கிறது என்று லாக்கை வளைப்பது, செருப்புக்காகக் காலை வெட்டுகிற வேலை. கடைகளில் முதலில் அதைத்தான் செய்வார்கள். லாக் கடைசி வேலை.

இரண்டு கீலையும் கழற்றி எனக்கு அனுப்புங்கள். சரி செய்து தருகிறேன். ஆனால் அதற்காக மட்டும் கேட்கவில்லை.

அண்ணன் போன அன்று வீட்டு வாசலில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓடும்போது காற்று பானெட்டைத் தூக்கிக் கண்ணாடியை மறைத்துவிட்டது, அதனால்தான் அண்ணன் பாலத்துச் சுவரில் மோதினான் என்று சிலர். மோதியதில்தான் பானெட் தூக்கிக்கொண்டது என்று சிலர். பானெட்டைக் கட்டியிருந்த கயிறு கடைசிவரை கிடைக்கவே இல்லை. அறுந்ததா, அவிழ்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கீலுக்குத் தெரியும். காற்று தூக்கியிருந்தால் கீலின் கை பின்பக்கமாக மடங்கியிருக்கும். மோதித் தூக்கியிருந்தால் பக்கவாட்டில் நெளிந்திருக்கும். மனுஷர்கள் ஆயிரம் சொல்வார்கள், கீல் பொய் சொல்லாது.

அத்தனை பேர் நடுவில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கயித்தக் கட்டுனது யாரு?" நீங்கள் "நான்தான்" என்றீர்கள். அதற்கு மேல் நான் அந்த வீட்டில் நிற்கவில்லை. இன்னும் எனக்கு அதுதான் தெரிய வேண்டும். உங்கள் முடிச்சு என் அண்ணனைக் கொன்றதா, இல்லையா?


ஜூலை 9

நாத்தனாருக்கு,

நீ சொன்னபடி அசைத்துப் பார்த்தேன். இரண்டு கீலும் ஆடுகின்றன, வலது கீல் அதிகம். பஸ் டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "என் பல்லு மாதிரியே இருக்கும்மா" என்றார்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், அரிசி எடுக்கும்போதெல்லாம் தட்டுப்படுகிறது.

நீ கேட்பது கீலை இல்லை, தீர்ப்பை. அனுப்பக் கை வரவில்லை. அது ஒன்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் அதோடுதான் இருக்க வேண்டும். இப்போதாவது பாதி நாள், மோதியதில்தான் தூக்கியிருக்கும் என்று நினைத்துச் சோறு தின்கிறேன். மீதிப் பாதி நாள் என் கையைப் பார்க்கிறேன்.

லாக் விழாமல் போன நாளிலிருந்து கயிறுதான். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை, முட்டைத் தட்டு ஏற்றுவது அவர் வேலை. ஊற்றி, மூடி, கட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால் அவர் வண்டியை எடுப்பார். இதெல்லாம் உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அவர் ஒருநாளும் கட்டினதில்லை.

இன்னொரு விஷயம். டேஷ் போர்டு டப்பாவைச் சுத்தம் செய்தபோது பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே கீலுக்கான புது பின்கள், அதைச் சுற்றிப் போடுகிற புஷ் வளையங்கள், எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகாமல் அப்படியே இருக்கின்றன. அவர் வாங்கி வைத்ததுதான். அதையே போடலாமா, வேறு வாங்க வேண்டுமா?

அண்ணி


ஜூலை 25

அண்ணிக்கு,

பின்னை வாங்கி வைத்தவன் ஏன் போடவில்லை? அரை நாள் வேலை அது. தெருவுக்கு ஒரு கடை இருக்கிற ஊர். அவன் ஓட்டுகிற வண்டி. கையில் பின்னை வைத்துக்கொண்டு கயிற்றைக் கட்டி ஓட்டினானா? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

கழற்றும் முறை சொல்கிறேன். முதலில் கீல் உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். இப்போதிருக்கிற இடம் தப்பான இடம்தான், இருந்தாலும் எங்கிருந்து கிளம்பினோம் என்று தெரிய வேண்டும். பானெட்டின் பின் மூலைகளுக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். பானெட் இரண்டு ஆள் வேலை. ஒரு பக்கம் ஒருத்தர், மறுபக்கம் ஒருத்தர். தனியாக ஆரம்பித்தால் கடைசி போல்ட் கழன்றதும் மூலை நேராகக் கண்ணாடியில் இறங்கும்.

கழற்றியதும் தரையில் வைத்துச் சோதிக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். நல்ல கீல் சமதரையில் அசையாமல் படுக்கும், பின்னால் மடங்கியது ஆடும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். துணியில் சுற்றி அப்படியே அனுப்புங்கள். அந்தப் பின், புஷ் எல்லாவற்றையும் சேர்த்து.

இங்கே கூரைத் தகடு அடிக்கும்போது காது அடைத்துக்கொள்ளும். அந்தச் சத்தத்திலும் "சுத்தி" என்று அண்ணன் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன். எல்லார் கையிலும் சுத்தியல்தான் இருக்கிறது, அவன் இல்லை.


ஆகஸ்ட் 12

சுத்திக்கு,

அவர் கூப்பிட்ட பேரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேறு யாரும் கூப்பிட மிச்சமில்லை.

கீல்களை இன்று பார்சல் ஆபீஸில் போட்டுவிட்டேன். பஸ் டிரைவர்தான் வலது பக்கம் பிடித்தார். ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை, பானெட்டைப் பிடிக்கத் தெரியவில்லை. "எறக்கு எறக்கு" என்று கத்திக்கொண்டே அவர் மேலே தூக்குகிறார். கடைசியில் எப்படியோ இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தோம். பானெட் இல்லாத வண்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு வைத்திருக்கிறேன்.

பின்னை ஏன் போடவில்லை என்று கேட்டாய். வேறென்ன, சோம்பேறித்தனம்தான். உன் அண்ணன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிற ஆள் என்று உனக்குத் தெரியாதா? அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதை நோண்டாதே.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றி மூடினேன். ஒரு தட்டில் கீறல் முட்டை இருக்கிறது என்று அவர் குரல் கொடுத்தார். "இருங்க, மாத்தித் தர்றேன்" என்று, முடிச்சைப் போட்டுக்கொண்டேதான் பதில் சொன்னேன். இரண்டு முடிச்சு போடுவது வழக்கம். அன்று இரண்டு போட்டேனா, ஒன்று போட்டுவிட்டு உள்ளே ஓடினேனா? ஞாபகம் வரவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்து, இப்போது இரண்டு விதமாகவும் ஞாபகம் இருக்கிறது. முட்டையை மாற்றிக்கொண்டு வந்து பானெட்டை ஒரு தட்டுத் தட்டினேன். "பாத்து, பானெட்டுக்கு வலிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டை இருக்கிறவரை ஆமைபோலத்தான் ஓட்டுவார். சாயங்காலம் காலி வண்டியில் அந்தப் பாலத்தில் ஒரு மிதி மிதித்திருப்பார்.

என் வலியைச் சொல்லி உன் மனசை மாற்றப் பார்க்கவில்லை. கீல் என்ன சொல்கிறதோ அதை அப்படியே எழுது. கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, வேலை அதிகம். கீல்கள் பத்திரமாக வந்தன.

நன்றாகப் பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், அளவுகோல் வைத்துப் பார்த்தேன், இங்கே இருக்கிற பெரிய மேஸ்திரியிடமும் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். கீலின் கை பின்னால் மடங்கவே இல்லை. நேராக இருக்கிறது. வலது கீலில் மட்டும் பக்கவாட்டில் லேசான நெளிவு, அது மோதியதில் வருவது. அப்படியென்றால் ஓடும்போது பானெட் திறக்கவில்லை. கயிறு கடைசிவரை நின்றிருக்கிறது. மோதிய பிறகுதான் அறுந்திருக்கும். அண்ணன் ஏன் சுவர்ப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. யாராவது குறுக்கே வந்திருக்கலாம், கண் அசந்திருக்கலாம். அது இனித் தெரியப்போவதில்லை. உங்கள் முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. ஒன்று போட்டீர்களா, இரண்டு போட்டீர்களா என்று இனி நினைக்க வேண்டாம். சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அன்று நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஓட்டைகளைச் சீராக்கி, புஷ் இறக்கி, அண்ணன் வாங்கின பின்களையே போட்டிருக்கிறேன். இனி ஆடாது. பொருத்தும்போது போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, பானெட்டை மெதுவாக இறக்குங்கள். முழுக்க அடித்து மூட வேண்டாம். இரண்டு பக்க இடைவெளியிலும் ஒரே விரல் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் தூக்கி, நகர்த்தி, மறுபடி இறக்குங்கள். பின் மூலை தாழ்ந்தால் கீலுக்கு அடியில் ஒரு வாஷர். முன் பக்கம் தாழ்ந்தால் அங்கே பானெட்டைத் தாங்குகிற ரப்பரைத் திருகி ஏற்றுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகு ஸ்பேனரால் முடுக்கி, கடைசியில் லாக். லாக் விழுகிற சத்தம் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும்.

கயிறு இனித் தேவைப்படாது.

சுத்தி


செப்டம்பர் 28

சுத்திக்கு,

கீல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளி மாதிரி மின்னுகின்றன, பூட்டவே மனசு வரவில்லை.

நேற்று பஸ் டிரைவரோடு பானெட்டைத் தூக்கினோம். பாதியில் அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது, வலது பக்கத்தை விட்டுவிட்டார். நல்லவேளை, துணி இருந்ததால் கண்ணாடி தப்பித்தது. அவர் கறாராக "டிரைவருக்கு இதெல்லாம் வேலையே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பானெட் மறுபடியும் சுவரில் சாய்ந்திருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி.

நீ செய்யாதே என்றதைத்தான் முதலில் செய்தேன். பார்சல் கட்டும் முன்னால் இரண்டு கீலையும் சமையலறைத் தரையில் வைத்தேன். இரண்டும் ஆடின. விரலால் தொட்டால் டக் டக் என்று சத்தம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதற்கு முன்னாலும் முழுக்கத் தெரியாமல் இல்லை. கண்ணாடிக்கு மேலே கூரை விளிம்பில், புதுப் பெயிண்டுக்கு அடியில், நீளமாக ஒரு பள்ளம் இருக்கிறது. காற்றில் பானெட் வந்து அடித்த இடம். வண்டி துடைக்கும்போதெல்லாம் என் விரல் அங்கே போய் நிற்கும்.

தெரிந்தும்தான் அனுப்பினேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும், உன் வாயால் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்தது. நீ வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள். அந்த ஒரு விஷயத்துக்கு அளவுகோல், மேஸ்திரி, வெளிச்சம் என்று இத்தனை சாட்சி கூப்பிட்டிருக்கிறாய். படிக்கும்போதே அழுதுவிட்டேன். திரும்பி வந்த கீல்களை அதே தரையில், அதே இடத்தில் வைத்தேன். அசையாமல் படுத்துக்கொண்டன. அதை நிமிர்த்த எத்தனை அடி அடித்தாய்?

கீல் பொய் சொல்லாது என்று எழுதினாய். அதைப் பொய் சொல்ல வைக்கிற கை உனக்கு மட்டும்தான் இருக்கிறது. எனக்காக அதைப் பொய் சொல்ல வைத்திருக்கிறாய்.

என் முடிச்சு அவிழ்ந்தது, சுத்தி. அது மாறப்போவதில்லை, சாகிறவரை என்னோடுதான் இருக்கும். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது தெரியுமா? நீ கேட்டதற்கு இல்லை. கேட்டுவிட்டு என்னை அங்கே தனியாக விட்டுப் போனதற்கு. இப்போது கோபம் இல்லை. ஆனால் இதை நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பானெட் இரண்டு ஆள் வேலை என்று நீதானே சொன்னாய். வலது பக்கம் பிடிக்க இங்கே ஆள் இல்லை. வா.

அண்ணி


அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன்.

நீங்கள் என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் உங்கள் பொய்யைக் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. பின்னை ஏன் போடவில்லை என்று உங்களைக் கேட்டேனே, அந்தத் துணிப் பொட்டலத்தைப் பிரித்த அன்றே நான் மறக்கப் பார்த்த பதில் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் சோம்பேறி இல்லை. சோம்பேறியால் முட்டை வியாபாரம் செய்ய முடியுமா? "கீல் ஆடுது சுத்தி, பின் வாங்கி வெச்சிட்டேன், எப்ப வர்ற?" என்று அவன் போனில் கேட்டான். "வேற எவனையும் தொட விடாத, நானே வந்து மாத்தறேன்" என்று சொன்னது நான். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனதும் நான்தான். அவன் போனில் பேசும்போது நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். "வர்றப்ப ரெண்டு நாள் தங்கச் சொல்லுங்க" என்ற உங்கள் குரல் எனக்குக் கேட்டது.

அன்று அத்தனை பேர் நடுவில் கயிற்றைக் கட்டியது யார் என்று நான் கேட்டபோது, கயிறு கட்ட வைத்தது யார் என்று நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். "நான்தான்" என்று மட்டும் சொன்னீர்கள். இரண்டு வருஷமாக அதை மென்று விழுங்கிவிட்டு, கடைசியில் செத்துப்போன மனுஷனைச் சோம்பேறி ஆக்கியாவது என்னைக் காப்பாற்றப் பார்த்தீர்கள்.

நான் வருகிறவரை பானெட்டைத் தொடாதீர்கள். வலது பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு நாள் தங்குகிறேன்.

சுத்தி